பெல்மாண்ட் அவென்யூவின் கடைக்காரர்: ஐவா தோகுரி வழக்கு

1944 அக்டோபரில் ஒரு நாள். எந்த நாள் என்பது குற்றம் சாட்டியவர்களுக்கே தெரியாது. தேதி தெரியவில்லை என்று குற்றப்பத்திரிகையிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த ஏதோ ஒரு நாளில், டோக்கியோவில் ஜப்பான் ஒலிபரப்புக் கழகத்தின் நிலையத்தில், ஐவா தோகுரி என்ற பெண் கப்பல்களின் இழப்பைப் பற்றி ஒலிவாங்கி முன் பேசினார் என்பது குற்றச்சாட்டு. அவர் மீது சுமத்தப்பட்டவை மொத்தம் 8. ஜூரிகள் ஏற்றுக்கொண்டது இந்த ஒன்றை மட்டும்தான். இதற்காக அவருக்கு 10 ஆண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. பிறப்பால் வந்த அமெரிக்கக் குடியுரிமையும் பறிபோனது.

தீர்ப்பு வந்தது 1949 செப்டம்பர் 29ஆம் தேதி. அமெரிக்க வரலாற்றில் தேசத்துரோகக் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்களில் ஐவா ஏழாமவர் என்று பதிவுகள் சொல்கின்றன. சிறையிலிருந்து வெளிவந்த பிறகு அவர் கடை நடத்திப் பிழைத்தார். சிகாகோ நகரின் வடபகுதியில், பெல்மாண்ட் அவென்யூவில், ‘ஜே. தோகுரி மெர்க்கன்டைல்’ என்ற பெயரில் அவர் தந்தையின் ஜப்பானியப் பொருள் கடை இருந்தது. வாழ்நாளின் பிற்பாதி அந்தக் கடையில்தான் கழிந்தது. வானொலியில் அவர் பேசிய காலம் இரண்டு ஆண்டுகூட நிறையாது. ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது அந்தச் சொற்ப காலத்தை வைத்து. அதுவும் வானொலியில் அவர் ஒருநாளும் சூட்டிக்கொள்ளாத, அமெரிக்கப் படைவீரர்கள் வைத்த ‘டோக்கியோ ரோஸ்’ என்ற பெயரில்.

இந்த வழக்கைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. ஐவா தண்டிக்கப்பட்டதற்கு அடிப்படையாக அமைந்தது, தன் நாட்டை அவர் கைவிட மறுத்ததுதான். ஜப்பானியக் குடியுரிமைப் படிவத்தில் போர்க்காலத்தில் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால், அவரை எந்த அமெரிக்க நீதிமன்றமும் துரோகி என்று சொல்லியிருக்க முடியாது. சட்டம் இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பார்ப்பதற்காகவே இந்த ஆய்வு.

தாயின் சகோதரி வீட்டுக்குப் போனவர்

ஐவா இகுகோ தோகுரி பிறந்தது 1916 ஜூலை 4ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸில். அமெரிக்க விடுதலை நாளன்று பிறந்த குழந்தை. பெற்றோர் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள். தந்தை ஜுன் தோகுரி கடை வைத்துப் பிழைத்தவர். பிள்ளைகள் முழு அமெரிக்கர்களாக வளர வேண்டும் என்பது அவர் எண்ணம். வீட்டில் ஆங்கிலம்தான், ஐவாவுக்கு ஜப்பானிய மொழி ஒழுங்காக வராது, ஜப்பானியச் சாப்பாடும் பிடிக்காது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் விலங்கியல் பட்டம் பெற்றார். மருத்துவம் படிக்க ஆசை. படிப்பு முடிந்தபின் அப்பாவின் கடையில் உதவிக்கு நின்றார்.

ஜப்பானில் தாயின் சகோதரி உடல்நலம் குன்றிக் கிடந்தார். தாயும் நோயாளி என்பதால், குடும்பத்தின் சார்பில் ஐவா 1941 ஜூலை 5 அன்று கப்பலேறினார். கையில் பாஸ்போர்ட் இல்லை. அடையாளச் சான்றிதழ் ஒன்றுதான் இருந்தது. அங்கே போனபின் அமெரிக்கத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். அது வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே கிடந்தது. டிசம்பர் தொடக்கத்தில் புறப்பட்ட ஒரு கப்பலில் ஏற முயன்றார், காகிதங்கள் சேரவில்லை. சில நாள்களில் பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. வழி அடைபட்டது.

அடுத்து நடந்ததுதான் வழக்கின் முதுகெலும்பு. ஜப்பானியக் காவல்துறை அவரை மீண்டும் மீண்டும் அழைத்து, அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து ஜப்பானியராகப் பதிவுசெய்துகொள்ளும்படி வற்புறுத்தியது. அவர் மறுத்தார். மற்ற அமெரிக்கர்களோடு தன்னையும் முகாமில் அடைத்துவிடுங்கள் என்று கேட்டார், அதற்கும் சம்மதிக்கவில்லை. எதிரி நாட்டுக் குடிமகள் என்று முத்திரை குத்தி, ரேஷன் அட்டை தர மறுத்தார்கள். அக்கம்பக்கத்தாரின் ஏச்சு தாங்காமல் தாயின் சகோதரி வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சத்துக்குறைவு நோயால் 1943இல் மருத்துவமனையில் கிடந்தார். மருத்துவச் செலவுக்குப் பட்ட கடனை அடைக்க வேறு வேலை தேடினார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் அவர் குடும்பம் என்ன ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும். மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரையும் வெளியேற்ற 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் உத்தரவிட்டார். தோகுரி குடும்பத்தையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தாய் 1942இல் கலிபோர்னியாவின் துலாரே தடுப்பு மையத்திலேயே இறந்தார். மற்றவர்கள் அரிசோனாவின் ஹிலா ரிவர் முகாமில் இருந்துவிட்டு, விடுவிக்கப்பட்டபின் சிகாகோவில் குடியேறினார்கள். தாய் இறந்த செய்தி மகளுக்கு எட்டவில்லை. ஜப்பானில் அமெரிக்கர் என்று மகளை ஒதுக்கினார்கள். அமெரிக்காவில் ஜப்பானியர் என்று தாயை அடைத்தார்கள்.

ஒலிவாங்கி முன்

பிழைப்புக்கு ஐவா முதலில் டோமெய் செய்தி நிறுவனத்தில், நேச நாடுகளின் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்டுத் தட்டச்சு செய்தார். பிறகு 1943இல் டோக்கியோ வானொலியிலும் தட்டச்சு வேலையில் சேர்ந்தார். அந்த நிலையத்தில் மூன்று போர்க்கைதிகளைப் பிரச்சார நிகழ்ச்சி தயாரிக்கக் கட்டாயப்படுத்தி வைத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஆஸ்திரேலிய மேஜர் சார்லஸ் கசின்ஸ். போருக்கு முன் சிட்னியில் புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர். மலாயாவில் போரிட்டு, சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்டவர். மற்ற இருவர் அமெரிக்க கேப்டன் வாலஸ் இன்ஸ், பிலிப்பைன்ஸ் லெப்டினன்ட் நார்மன் ரெய்ஸ்.

ஐவாவுக்கும் இவர்களுக்கும் பழக்கம் ஏற்பட்டது உணவால். கைதிகள் எலும்பும் தோலுமாக இருந்ததைப் பார்த்து, தனக்கே சாப்பாட்டுக்கு வழியில்லாத அந்தப் பெண், வெளிச்சந்தையில் கிடைத்த உணவையும் மருந்தையும் புகையிலையையும் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அமெரிக்காவின் பக்கம் நிற்பவர் என்ற நம்பிக்கை கசின்ஸுக்கு இப்படித்தான் வந்தது. ‘ஜீரோ அவர்’ என்ற அந்தப் பிரச்சார நிகழ்ச்சியில் ஒரு பெண்குரல் வேண்டும் என்று மேலிடம் சொன்னபோது, 1943 நவம்பரில் கசின்ஸ் கேட்டு வாங்கியது தட்டச்சுக்காரரான ஐவாவை. வானொலிக்கு ஏற்ற குரல் அல்ல அது. கரகரப்பானது, கொஞ்சலுக்கு ஒத்துவராதது. அதனால்தான் தேர்ந்தெடுத்தேன் என்று கசின்ஸ் பிற்பாடு சாட்சியம் சொன்னார். பிரச்சார நிகழ்ச்சியை உள்ளிருந்தே கேலிக்கூத்தாக்கிவிடுவது அவர் திட்டம்.

அறிவிப்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமாக ‘ஆன்’ என்று அவருக்கு வானொலிப் பெயர் வைத்தார்கள், பின்னர் அது ‘அனாதை ஆன்’ ஆயிற்று. பசிபிக் தீவுகளில் வீட்டைப் பிரிந்து கிடந்த படைவீரர்களை நிகழ்ச்சியில் அனாதைகள் என்று அழைப்பார்கள். ஐவா பேசியது பெரும்பாலும் இசைத்தட்டுகளுக்கு இடையே சில வரிகள், எழுதிக்கொடுத்தது கசின்ஸ். 1944 பிப்ரவரி நிகழ்ச்சி ஒன்றின் எழுத்துப்படி கிடைத்திருக்கிறது. நண்பர்களே என்று அழைக்கத் தொடங்கி, இல்லை, எதிரிகளே என்று திருத்திக்கொள்கிறார். எச்சரிக்கையாக இருங்கள், குழந்தைகள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். உங்கள் மன உறுதிக்கு இதோ முதல் அடி என்று அறிவித்துவிட்டு, பாஸ்டன் பாப்ஸ் குழுவின் வாத்திய இசையைப் போடுகிறார். பிரச்சாரம் செய்ய வேண்டிய வாயே, இது பிரச்சாரம் என்று சொல்லிக்கொடுக்கிறது. கேட்டவர்கள் சிரித்தார்கள், போர் முடிந்தபின் பல வீரர்கள் அப்படித்தான் நினைவுகூர்ந்தார்கள்.

இந்த வேலைக்கு மாதம் 150 யென். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 7 டாலர். அதில் ஒரு பங்கு கைதிகளின் சாப்பாட்டுக்குப் போனது. 1944 நடுவில் கசின்ஸ் நோயுற்று விலகிய பிறகு ஐவா அடிக்கடி வராமல் இருக்கத் தொடங்கினார். 1945 ஏப்ரல் 19 அன்று, போர்த்துகீசியக் குடிமகனான ஃபெலிப்பே டி அக்கினோவை மணந்தார். ஃபெலிப்பேயின் மனைவி என்ற முறையில் போர்த்துகீசியக் குடியுரிமை அவருக்குத் திறந்திருந்தது. அதற்காகவும் அமெரிக்கக் குடியுரிமையை அவர் துறக்கவில்லை.

இல்லாத ஒருத்தி

‘டோக்கியோ ரோஸ்’ என்பது வீரர்கள் தாங்களாக வைத்த பெயர். ஐவா ஒலிவாங்கியைத் தொடுவதற்கு முன்பே அது புழக்கத்தில் இருந்தது. ஜப்பானின் கட்டுப்பாட்டில் இருந்த பல நிலையங்களிலிருந்து ஆங்கிலம் பேசிய பெண்கள் பலர் இருந்தார்கள். எவரும் அந்தப் பெயரில் ஒலிபரப்பியதில்லை. அமெரிக்க அரசின் போர்த் தகவல் அலுவலகமே 1945 ஆகஸ்டில், அப்படி ஒருவர் இல்லை, இது படைவீரர்களின் கற்பனை என்று அறிவித்துவிட்டது.

ஆனால் பத்திரிகைக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. சரணடைவுக்குப் பின் டோக்கியோ வந்த ஹாரி பிரண்டிஜ், கிளார்க் லீ என்ற இரண்டு செய்தியாளர்கள், ரோஸின் பிரத்தியேகப் பேட்டிக்கு 2,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள். ஊர் திரும்பப் பணமில்லாமல் இருந்த ஐவா, தானே அந்த ஒரே ‘டோக்கியோ ரோஸ்’ என்று எழுதப்பட்டிருந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அவர் வாழ்க்கையில் செய்த பெரும் பிழை இதுதான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பிழைதான். ஆனால் நாலு ஆண்டு பட்டினி கிடந்து, செய்தது கேலி நிகழ்ச்சிதானே என்று நம்பிய ஒருவரின் பிழை அது. வாக்களித்த பணம் அவருக்கு வரவேயில்லை.

1945 அக்டோபரில் அமெரிக்க ராணுவம் அவரைக் கைதுசெய்தது. குற்றச்சாட்டு இல்லை, வழக்கறிஞர் இல்லை. யோகஹாமாவிலும் பின்பு சுகாமோ சிறையிலுமாக ஓர் ஆண்டு. ராணுவ உளவுப் பிரிவும் எஃப்.பி.ஐ.யும் துருவித் துருவி விசாரித்தன. வழக்குத் தொடர ஆதாரம் இல்லை என்று முடிவுசெய்து 1946 அக்டோபரில் விடுதலை செய்தார்கள்.

பாண்டியன் அவையில் நடந்த பிழை, விசாரிக்காமல் தண்டித்தது. இங்கே நடந்தது அதனினும் கொடிது என்பேன். விசாரித்தார்கள், குற்றமில்லை என்று எழுதியும் வைத்தார்கள். அதன் பிறகு தண்டித்தார்கள்.

காரணம், அவர் ஊர் திரும்ப விரும்பியது. கருவுற்றிருந்த ஐவா தன் குழந்தை அமெரிக்க மண்ணில் பிறக்க வேண்டும் என்று மீண்டும் பாஸ்போர்ட் கேட்டார். செய்தி கசிந்ததும், வானொலி விமர்சகர் வால்டர் வின்ச்செல் கொதித்தெழுந்து பிரச்சாரம் செய்தார்; முன்னாள் படைவீரர் அமைப்பான அமெரிக்கன் லீஜனும் சேர்ந்துகொண்டது. 1948 தேர்தல் ஆண்டு. துரோகிகளிடம் மென்மை காட்டுகிறது என்ற பழியை ட்ரூமன் அரசு விரும்பவில்லை. நீதித்துறை வழக்கறிஞர் டாம் டிவுல்ஃப், இந்த வழக்கு நிற்காது என்று எழுத்து மூலம் தெரிவித்தார். அட்டர்னி ஜெனரல் டாம் கிளார்க் வழக்கை நடத்தச் சொன்னார். நிற்காது என்று எழுதிய அதே டிவுல்ஃபே அரசுத் தரப்பில் வாதாட வந்து நின்றார்.

குழந்தை 1948 ஜனவரியில் ஜப்பானில் பிறந்து, பிறந்த உடனே இறந்தது. ஆகஸ்டில் ஐவா மீண்டும் கைது. செப்டம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஏழு ஆண்டுகளாக அவர் ஏங்கிய தாய்நாட்டு மண்ணில், காவலர்களுக்கு நடுவே இறங்கினார். சிகாகோவிலிருந்து வந்து சந்தித்த தந்தை, நீ உன் கோடுகளை மாற்றிக்கொள்ளவில்லை, புலி தன் கோடுகளை மாற்றாது என்ற பொருள்பட மகளைப் பாராட்டியதாகக் குடும்பத்தார் நினைவுகூர்வதுண்டு.

ஆறாவது குற்றச்சாட்டு

விசாரணை தொடங்கியது 1949 ஜூலை 5ஆம் தேதி. ஐவாவின் 33ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள். நீதிபதி மைக்கேல் ரோச். ஜூரிகள் 12 பேரும் வெள்ளையர். ஐவாவுக்காக வாதாடியவர் வெய்ன் காலின்ஸ். ஜப்பானிய அமெரிக்கர்களை வெளியேற்றும் உத்தரவை ஏற்க மறுத்துத் தண்டிக்கப்பட்ட ஃபிரெட் கோரமாட்சுவின் வழக்கிலும் அவர் பக்கம் நின்று உழைத்தவர். இந்த வழக்குக்கு அவர் கட்டணம் வாங்கவில்லை.

அமெரிக்க அரசியல் சாசனத்தின் மூன்றாம் பிரிவு தேசத்துரோகத்துக்குக் கடுமையான அளவுகோல் வைத்திருக்கிறது. வெளிப்படையான ஒரு செயல் இருக்க வேண்டும். அந்த ஒரே செயலை இரண்டு பேர் நேரில் கண்டு சாட்சி சொல்ல வேண்டும், அல்லது குற்றவாளியே திறந்த நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் அரசர்கள் துரோகச் சட்டத்தை வைத்து எதிரிகளைத் தீர்த்துக்கட்டியதைப் பார்த்தவர்கள் யோசித்து எழுதிய விதி அது. ஆகவே அரசுத் தரப்புக்கு அந்த நிலையத்தில் இருந்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

கிடைத்தவர்கள் கென்கிச்சி ஓகி, ஜார்ஜ் மிட்சுஷியோ. இருவரும் ‘ஜீரோ அவர்’ நிகழ்ச்சியில் ஐவாவுக்கு மேலதிகாரிகள். இருவரும் கலிபோர்னியாவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர். ஐவா மறுத்த அந்தக் கையெழுத்தை இவர்கள் போட்டவர்கள், ஜப்பானியக் குடிமக்களாகிவிட்டவர்கள். ஆகவே அமெரிக்காவுக்கு எதிராக இவர்கள் செய்த எதுவும் துரோகம் ஆகாது. நாட்டை விட்டுக்கொடுத்தவர்கள் அரசுத் தரப்புச் சாட்சிகளாக விமானத்தில் வந்து இறங்கினார்கள். விட்டுக்கொடுக்காதவர் கூண்டில் நின்றார். இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்தான். எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

பிலிப்பைன்ஸ் அருகே நடந்த லெய்ட்டே வளைகுடாக் கடற்போருக்குப் பின் ஐவா ஒலிவாங்கியில், பசிபிக்கின் அனாதைகளே, இப்போது நிஜமாகவே அனாதைகள் ஆகிவிட்டீர்கள், கப்பல்களெல்லாம் மூழ்கிவிட்டனவே, எப்படி வீடு திரும்புவீர்கள் என்று பேசியதாக இருவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். ஆறாவது குற்றச்சாட்டின் உயிர் இந்த வாக்கியம். இதற்கு ஒலிப்பதிவு இல்லை, எழுத்துப்படி இல்லை. ஐந்து ஆண்டு கழித்து இரண்டு பேர் நினைவிலிருந்து சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது. நாள் தெரியாத நிகழ்ச்சியின் ஒரு வாக்கியம் இருவர் நினைவிலும் சொல் பிசகாமல் தங்கியிருந்ததே, அது எப்படி என்று கேட்டிருக்க வேண்டும்.

வேறொரு விவரமும் உண்டு. செய்தியாளர் பிரண்டிஜ், வழக்குக்கு முன் ஜப்பான் சென்று, ஒருவரைப் பொய்ச்சாட்சி சொல்லத் தூண்டியது எஃப்.பி.ஐ. விசாரணையில் வெளிப்பட்டது. அவர் மீது வழக்கு இல்லை. அரசுத் தரப்பு அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாமல் விட்டது, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பில் கசின்ஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சாட்சி சொன்னார். எழுதியவன் நான், தேர்ந்தெடுத்தவன் நான், அந்தப் பெண் எங்களுக்குச் சோறு போட்டவர் என்பது அவர் சாட்சியத்தின் சாரம். அவர் மீது ஆஸ்திரேலியாவில் எழுந்த துரோகக் குற்றச்சாட்டு 1946இலேயே கைவிடப்பட்டிருந்தது. இன்ஸுக்கு அமெரிக்க ராணுவம் பதவி உயர்வு கொடுத்தது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். கைதிகளாக இருந்த அந்த மூவரையும் நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குப் பொருந்திய நியாயம் ஐவாவுக்கும் பொருந்தியிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஜூரிகள் நாள்கணக்கில் கூடிப் பேசியும் முடிவுக்கு வர முடியவில்லை என்று வந்து சொன்னார்கள். வழக்கு நீண்டது, செலவு மிகுந்தது, மறுபடியும் முயலுங்கள் என்று நீதிபதி திருப்பி அனுப்பினார். உடனடி உயிராபத்து இருந்திருந்தால்தான் நிர்ப்பந்தம் என்று கொள்ளலாம் என்பது அவர் கொடுத்திருந்த விளக்கம். ரேஷன் மறுப்பும் காவல்துறையின் தொல்லையும் அதில் அடங்காது. ஏழு குற்றச்சாட்டுகளில் விடுவித்து, ஒன்றில் குற்றவாளி என்றார்கள். ஜூரிகளின் தலைவர் பிற்காலத்தில் அந்த முடிவுக்காக வெளிப்படையாகவே வருந்தினார்.

கடை

மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் பெண்கள் சிறையில் 6 ஆண்டு 2 மாதம். நன்னடத்தைக்காக 1956 ஜனவரி 28 அன்று விடுதலை. வாசலைத் தாண்டும்போதே நாடுகடத்தும் நடவடிக்கை காத்திருந்தது. பிறந்த நாட்டிலிருந்து ஒருவரை எந்த நாட்டுக்கு நாடுகடத்துவது? காலின்ஸ் போராடி 1958இல் அதை விலக்கச் செய்தார். கணவர் ஃபெலிப்பே சாட்சி சொல்ல வந்தபோதே, மீண்டும் அமெரிக்காவுக்கு வருவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். ஐவா நாட்டை விட்டுப் போனால் திரும்ப அனுமதி கிடைக்காது. திருமணம் அப்படியே கடல்களுக்கு இரு புறமும் கிடந்து, 1980இல் மணவிலக்கில் முடிந்தது.

ஐவா சிகாகோ போய், அப்பாவின் கடையில் நின்றார். பட்டம் பெற்ற இளம்பெண்ணாக லாஸ் ஏஞ்சலஸில் விட்டுவந்த அதே வேலை. ஜப்பானியப் பீங்கான் கிண்ணங்கள், தேயிலை, சமையல் பொருள்கள், கிமோனோக்கள், பத்திரிகைகள் என்று பலவும் விற்ற கடை அது. முகாம்களிலிருந்து வந்து சிகாகோவில் குடியேறிய ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு இத்தகைய கடைகளே ஊர்ச்சந்தை. போகப்போக அக்கம்பக்கத்து மற்ற அமெரிக்கர்களும் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். கல்லாவில் நின்று சில்லறை கொடுத்தவர் யாரென்று பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் பேசவில்லை. செய்தியாளர்கள் வந்தால் அவர் பெரும்பாலும் வாய் திறக்கமாட்டார்.

சிறு கடை நடத்துவது எளிய வேலை அல்ல. காலையில் கதவைத் திறக்க வேண்டும், சரக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், வருகிற எவரிடமும் முகம் கொடுத்துப் பேச வேண்டும். நாடே காறித்துப்பிய ஒருவர் அதே நாட்டு மக்களை நாள்தோறும் எதிர்கொண்டு நின்றார் என்பது எனக்கு அவருடைய வானொலிக் காலத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. ஊரை மாற்றவில்லை, பெயரை மாற்றவில்லை. கடைப் பலகையில் தோகுரி என்ற பெயர் எல்லோரும் பார்க்க இருந்தது.

அரசு அபராதத்தையும் விடவில்லை. அவருடைய ஆயுள் காப்பீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டது. 1972இல் தந்தை இறந்தபின், மீதி அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கட்டப்பட்டது. மகளின் கடன் முழுதும் தீர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். கடைக்காரர் ஒருவர் கிண்ணமும் தேயிலையும் விற்றுச் சேர்த்த பணம் இப்படிக் கருவூலத்துக்குப் போனது.

1976இல் சிகாகோ டிரிப்யூனின் செய்தியாளர் ரான் யேட்ஸ், டோக்கியோவில் ஓகியையும் மிட்சுஷியோவையும் தேடிப் பேசினார். அவர்கள் ஒப்புக்கொண்டது இது: ஐவா துரோகமாக எதுவும் பேசவில்லை, நாங்கள் மிரட்டப்பட்டோம், என்ன சொல்ல வேண்டும் என்று அரசுத் தரப்பு எங்களுக்கு நாள்தோறும் பயிற்சி கொடுத்தது. ஒரே வாக்கியம் இருவர் நினைவிலும் பிசகாமல் தங்கியிருந்ததற்குக் காரணம் 27 ஆண்டு கழித்துத் தெரிந்தது. காலின்ஸ் அதைக் கேட்க உயிரோடு இல்லை, 1974இல் இறந்துவிட்டார். அவர் மகனே மன்னிப்பு மனுவை எடுத்து நடத்தினார். மருத்துவர் கிளிஃபோர்ட் உயேடா தலைமையில் ஜப்பானிய அமெரிக்கர் குடிமக்கள் சங்கம் நாடெங்கும் ஆதரவு திரட்டியது. இந்தச் சங்கம் வழக்கு நடந்த காலத்தில் ஐவாவிடமிருந்து ஒதுங்கியே இருந்தது. முகாம்களிலிருந்து அப்போதுதான் வெளிவந்து, தங்கள் விசுவாசத்தை நிரூபிக்கத் துடித்த சமூகத்துக்கு அவர் பெயர் நெருப்பாக இருந்தது. அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. அதன் விலையை ஒருவர் மட்டும் கொடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1977 ஜனவரி 19 அன்று, பதவியின் கடைசி முழு நாளில், அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட் நிபந்தனையற்ற மன்னிப்பில் கையெழுத்திட்டார். குடியுரிமை திரும்பியது. ஆனால் மன்னிப்பு என்பது தீர்ப்பை அழிப்பதில்லை. காலின்ஸ் உழைத்த கோரமாட்சு வழக்கில், அரசு உண்மைகளை மறைத்தது என்று கண்டு, சான் பிரான்சிஸ்கோவின் அதே கூட்டாட்சி நீதிமன்றம் 1983இல் தண்டனைத் தீர்ப்பையே ரத்து செய்தது. ஐவாவின் தீர்ப்புக்கு அப்படி ஒன்று நடக்கவில்லை. சாட்சிகள் இருவரும் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்ட பின்பும், ஆறாவது குற்றச்சாட்டின் மீதான தீர்ப்பு ஏட்டில் நிற்கிறது. அது ரத்து செய்யப்பட வேண்டியது என்றே நான் நினைக்கிறேன். சட்டத்துக்கு மிச்சமிருக்கும் கடன் அது.

மன்னிப்புக்குப் பிறகும் அவர் மேடை ஏறவில்லை. கடைதான். 2006 ஜனவரியில் இரண்டாம் உலகப் போர் முன்னாள் வீரர்களுக்கான குழு ஒன்று, சிகாகோவில் அவருக்கு எட்வர்ட் ஹெர்லிஹி குடியுரிமை விருதை வழங்கியது. எந்தப் படைவீரர்களைச் சோர்வடையச் செய்தார் என்று தண்டித்தார்களோ, அவர்களின் பெயரால் இயங்கும் அமைப்பு அவருடைய நாட்டுப்பற்றுக்காகக் கொடுத்த விருது. தன் வாழ்வில் மறக்க முடியாத நாள் அது என்றார் ஐவா. அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று, 90ஆம் வயதில், சிகாகோவில் காலமானார்.

மறுநாள் வந்த இரங்கல் செய்திகள் பலவற்றின் தலைப்பில் ‘டோக்கியோ ரோஸ்’ என்றே இருந்தது. அப்படி ஒருவர் இல்லை என்று அமெரிக்க அரசே அறிவித்து அப்போது 61 ஆண்டுகள் ஆகியிருந்தன. இறந்தவர் பெயர் ஐவா தோகுரி. பெல்மாண்ட் அவென்யூவில் கடை வைத்திருந்தவர்.